பிறந்த ஊரைக் கேட்கக் கூடாது, படித்த ஊரைக் கேட்கலாம்

தென் கொரியாவில் முப்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒரு நிறுவனம், விண்ணப்பதாரரிடம் எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்டால் அபராதம் கட்ட நேரிடும். உயரம், எடை, திருமண நிலை, சொத்து, பெற்றோரின் தொழில் ஆகியவற்றையும் கேட்கக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட ஆட்சேர்ப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே படிவத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. குவாங்ஜு நகரின் சோன்னாம் தேசியப் பல்கலைக்கழகத்திலும் டேகுவின் கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள். அங்கே பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலே ஊரின் பெயரையும் சொன்னதாகிவிடுகிறது. சட்டம் வாசலில் தடுத்த வட்டாரப் பாகுபாடு, பல்கலைக்கழகத்தின் மதிப்பு என்ற பெயரில் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

இதை ஊகமென்று ஒதுக்க முடியாது. 2014 ஜனவரியில் சாம்சங் குழுமம் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. பல்கலைக்கழகத் தலைவர்கள் தங்கள் மாணவர்களை வேலைக்குப் பரிந்துரைக்கலாம். எத்தனை பேர் என்பதை நிறுவனமே நிர்ணயிக்கும். அந்த எண்கள் வெளியே வந்ததும் நாடு கொதித்தது. சாம்சங்கின் பராமரிப்பிலிருந்த சுங்க்யுன்க்வானுக்கு 115, சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 110. அது ஒருபுறம் இருக்கட்டும். தென்கிழக்கில், யோங்னாம் வட்டாரத்தில் உள்ள கியோங்புக்குக்கு 100, பூசானுக்கு 90. தென்மேற்கில், ஹோனாம் வட்டாரத்தில் உள்ள சோன்னாமுக்கு 40, ஜொன்புக்குக்கு 30. நான்குமே அரசின் தேசியப் பல்கலைக்கழகங்கள். தத்தம் வட்டாரத்தில் முன்னணியில் இருப்பவை. பழைய ஆட்சேர்ப்புக் கணக்கைப் பார்த்துத்தான் பங்கிட்டோம் என்றது நிறுவனத் தரப்பு. அந்தப் பழைய கணக்கு எப்படி உருவானது என்பதுதானே கேள்வி. சாம்சங் 1938இல் தொடங்கியது டேகுவில். யோங்னாமில் பிறந்த அதிபர் பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் எஃகு போஹாங்குக்கும், கப்பலும் காரும் உல்சானுக்கும், மின்னணுத் தொழில் குமிக்கும் போயின. மூன்றுமே யோங்னாம் ஊர்கள். ஆலை எங்கே எழுந்ததோ அங்கிருந்து ஆள் எடுத்தார்கள். எடுத்த ஆள்களின் எண்ணிக்கையே நாளடைவில் கல்லூரியின் தகுதியாகப் படிக்கப்பட்டது. கண்டனம் வலுக்கவே, இரண்டே வாரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. எண்களை வெளியே சொன்னதுதான் சாம்சங் செய்த பிழை என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

யோங்னாமுக்கும் ஹோனாமுக்கும் இடையிலான இந்தப் பழைய பகையைவிட இன்று பெரிதாகிவிட்டது தலைநகருக்கும் மற்ற எல்லா ஊர்களுக்கும் இடையிலான பிளவு. சியோல், இன்சோன், கியோங்கி மூன்றும் சேர்ந்த தலைநகர் வட்டாரம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம்தான்; மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் வாழ்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகப் பெயருக்குள்ளேயே இந்தக் கோடு ஓடுகிறது. 2018 தொடக்கத்தில் நிதி மேற்பார்வை அமைப்பு வங்கிகளின் ஆட்சேர்ப்பைச் சோதித்தபோது, ஹானா வங்கியில் சியோல் தேசியப் பல்கலைக்கழகம், யோன்சே, கொரியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பட்டதாரிகளுக்கு நேர்முகத் தேர்வு மதிப்பெண் ஏற்றப்பட்டதாகவும், வேறு சிலருக்குக் குறைக்கப்பட்டதாகவும் கூறியது. குறைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பட்டியலில் ஹான்யாங் பல்கலைக்கழகத்தின் ஆன்சான் கிளை வளாகமும் இருந்தது. சியோலில் உள்ள தாய் வளாகத்தின் பட்டதாரிக்குக் கிடைக்கும் மரியாதை, தலைநகர் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கும் ஆன்சானுக்குப் போய்ச் சேரவில்லை. வங்கி குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் இந்த வரிசையைக் கேட்டு வியந்தவர்கள் கொரியாவில் குறைவாகவே இருந்திருக்க முடியும்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு வலுவான மறுப்பு உண்டு. சியோல் பல்கலைக்கழகங்களில் சேர்வோரின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் உண்மையிலேயே அதிகம். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சலிக்க வேண்டிய அதிகாரி அந்த மதிப்பெண்ணைத்தான் கல்லூரிப் பெயரில் பார்க்கிறார். இதில் பாகுபாடு எங்கே வந்தது என்பார்கள். மதிப்பெண் வேறுபாடு உண்மைதான். ஆனால் நல்ல மதிப்பெண் வாங்கிய பூசான் மாணவி ஏன் பூசானை விட்டுப் போகிறாள்? சியோல் பட்டத்துக்குத்தான் வேலை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலாளியின் நம்பிக்கை மாணவர்களை இடம்பெயர வைக்கிறது. அந்த இடப்பெயர்ச்சி முதலாளியின் நம்பிக்கையை மெய்யாக்கிக் காட்டுகிறது. பூசான், கியோங்புக் இரண்டும் ஒருகாலத்தில் சியோலின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இணையாக எண்ணப்பட்டவை. அவற்றின் மதிப்பு சரிந்ததற்குக் கற்பித்தல் கெட்டது காரணம் என்று சொல்ல ஆதாரம் தேட வேண்டும். வேலைகள் வடக்கே போனதற்கு ஆதாரம் தேடவே வேண்டாம். தவிர, பதினெட்டு வயதில் ஒரே நாளில் எழுதிய தேர்வு, நான்கு ஆண்டுப் படிப்புக்குப் பிறகு ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை எப்படிச் சொல்லும்?

போஹாங்கில் போஸ்டெக், டேஜோனில் கைஸ்ட் என்று தலைநகருக்கு வெளியேயும் பெரும்பெயர் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. இருக்கின்றன. 1986இல் போஸ்டெக்கை நிறுவியது எஃகுப் பெருநிறுவனமான போஸ்கோ. கைஸ்ட் அரசின் செல்லப்பிள்ளை. அளவில் சிறிய, பணம் கொட்டி வளர்க்கப்பட்ட அறிவியல் நிறுவனங்கள் அவை. வரலாறோ சட்டமோ படிக்கும் வெளியூர் மாணவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2017இல் பொதுத்துறை நிறுவனங்களின் விண்ணப்பங்களிலிருந்து கல்லூரிப் பெயரே நீக்கப்பட்டது. ஆனால் 2022இல் அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் இதிலிருந்து விலக்கப்பட்டன. தனியார் நிறுவனங்களை இது தொட்டதே இல்லை. தலைநகரிலிருந்து வெளியூர்களுக்கு மாற்றப்பட்ட பொதுத்துறை நிறுவனங்கள் உள்ளூர்ப் பட்டதாரிகளை எடுக்க வேண்டும் என்று 2018இல் 18 சதவீதத்தில் தொடங்கிய ஒதுக்கீடு 2022இல் 30 சதவீதமானது. இதில் ஒரு விநோதம்: உள்ளூர்க்காரர் என்பதைத் தீர்மானிப்பது கடைசியாகப் படித்த இடமே. பூசானில் பிறந்து சியோலில் படித்தவர் பூசானில் வெளியூர்க்காரர். அநியாயம் என்று சியோல் பட்டதாரிகள் குமுறுகிறார்கள். என் கணிப்பில், ஊரிலேயே தங்கிப் படித்தால் லாபம் உண்டு என்று முதன்முறையாக மாணவர்களிடம் சொல்லும் விதி இதுதான்; அந்த அளவில் அது சரியான இடத்தில் கை வைக்கிறது.

கொரிய இளைஞர்கள் வேலைக்காகத் தெற்கே எதுவரை போகலாம் என்று தங்களுக்குள் ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள்: அலுவலக வேலைக்கு பாங்யோ, பொறியாளர்களுக்கு கிஹுங். இரண்டுமே சியோலுக்குத் தெற்கே, தலைநகர் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. செர்ரி பூக்கும் வரிசையில் பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்ற கேலியும் புழங்குகிறது. செர்ரி தெற்கேதான் முதலில் பூக்கும். ஒன்பது வட்டாரத் தேசியப் பல்கலைக்கழகங்களை சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் தரத்துக்கு உயர்த்துவோம் என்பது 2025 அதிபர் தேர்தலில் வென்ற லீ ஜே மியுங்கின் வாக்குறுதி. ஆய்வகமும் பேராசிரியரும் அந்தப் பணத்தில் வருவார்கள். அங்கே பட்டம் வாங்கியவரின் விண்ணப்பம் கிஹுங்குக்கு வடக்கே உள்ள ஒரு ஆட்சேர்ப்பு அதிகாரியின் மேசைக்குத்தான் இன்னமும் போகும், அதில் கல்லூரிப் பெயருக்கான கட்டமும் இருக்கும்.