காலமும் இடனும்: ஜொகூர் நீரிணை வழக்குக் காட்டும் நெறி

திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வேந்தன் வினைமேற் செல்லுமுன் எண்ண வேண்டியவற்றை அவை உரைப்பினும், வழக்கின்மேற் செல்வார்க்கும் அவை பொருந்துவனவே. பிறர் மேற்கொண்ட கட்டுமானப் பணியால் இடர் நேருமென அஞ்சுவோர் சட்டத்தின் துணையை நாடவேண்டிய காலம் எது? பணி முடிந்தபின் நாடின், எழும்பிய சுவரை இடிக்குமாறு கேட்டல் எளிதன்று. முன்னரே நாடின், 'கேடு எங்கே?' என்னும் வினா எழும். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட காலத்தைத் தேர்ந்தறியும் முறையை 2003-ஆம் ஆண்டில் எழுந்த ஜொகூர் நீரிணை வழக்கு நன்கு விளக்கும்.

வழக்கின் தோற்றம்

நீரிணையின் மேற்கே துவாசிலும், கிழக்கே தெக்கோங் தீவைச் சூழ்ந்தும் சிங்கப்பூர் அரசு கடலைத் தூர்த்து நிலமாக்கி வந்தது. நீரோட்டம் மாறும், கரை அரிக்கும், வண்டல் படியும், மீன்வளம் குன்றும் என மலேசியா அஞ்சிற்று. 2002 முதற்கொண்டு பலமுறை எழுத்து வாயிலாக மறுப்புரைத்துக் கூடிப் பேச அழைத்தது. புதிய செய்திகளோ வாதங்களோ இருந்தாலன்றிக் கூட்டத்தாற் பயனில்லை என்பது சிங்கப்பூரின் விடையாயிற்று.

2003 ஜூலை 4-ஆம் நாள், 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் தீர்ப்பு வேண்டி மலேசியா வழக்குத் தொடுத்தது. ஆயின் நடுவர் குழு அமையவே திங்கள் பல ஆகும். அதுவரை கடலில் மண் விழுந்துகொண்டே இருக்கும். இத்தகைய இடைக்காலத்திற்கென்றே அவ்வுடன்படிக்கை ஒரு வழி வகுத்துள்ளது. நடுவர் குழு அமையுமுன், நிலைமையின் விரைவு வேண்டுமாயின், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலுள்ள அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயம் இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். செப்டம்பர் 5-ஆம் நாள் மலேசியா அங்கே முறையிட்டது.

இரு தடைகள்

சிங்கப்பூரின் சார்பில் நின்றவர் டாமி கோ. அவ்வுடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டின் நிறைவுக்காலத் தலைவர் அவரே. எதிர்த்தரப்பின் வலி இதனால் விளங்கும். சிங்கப்பூர் எழுப்பிய தடைகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. பேச்சு வார்த்தை முற்றுப்பெறுமுன் வழக்குக்கு வந்தது முறையன்று என்பது ஒன்று. விரைவு வேண்டும் நிலை இல்லை என்பது மற்றொன்று.

முதல் தடையைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பேசிப் பயனில்லை என ஒரு தரப்பு கருதுமிடத்து, மேலும் பேசுமாறு அதனைக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்றது. மலேசியா அனுப்பிய மடல்கள் இங்கே சான்றாயின. முன்னரே எழுதி வைத்திராவிடின் இவ்வாதம் நிலைத்திராது என்க.

இரண்டாவதில் தீர்ப்பாயம் பகுத்து நோக்கிற்று. கடலெல்லை உரிமை பற்றிய கோரிக்கை இருப்பதொன்றே இடைக்கால ஆணைக்குப் போதாது என்றது. ஆயின் கடற்சூழலுக்குக் கேடு நேராதென உறுதியாகக் கூறவும் இயலாமையின், முன்னெச்சரிக்கை வேண்டும் எனக் கண்டது. 2003 அக்டோபர் 8-ஆம் நாள் ஒருமனதாக ஆணை பிறந்தது. பணியை முற்றும் நிறுத்துமாறு ஆணையிடவில்லை. மீட்க இயலாத கேடோ கடற்சூழலுக்குக் கடுந்தீங்கோ விளையாவண்ணம் நடத்துமாறு பணித்தது. இரு நாடுகளும் தனிவல்லுநர் குழுவொன்றை அமைத்து, ஓராண்டுக்குள் ஆராய்ந்து முடிக்கவும் வழி செய்தது.

அக்குழுவின் அறிக்கை இணக்கத்திற்கு அடிப்படையாயிற்று. 2005 ஏப்ரல் 26-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. தெக்கோங்கில் ஒரு பகுதியின் கரை வடிவத்தை மாற்றியமைக்கவும், மலேசிய மீனவர்க்கு 3,74,400 ரிங்கிட் இழப்பீடு வழங்கவும் சிங்கப்பூர் இசைந்தது. கரை முழுதும் உருப்பெற்றபின் வழக்கு வந்திருப்பின், வடிவத்தை மாற்றுதல் அரிதினும் அரிதாயிருக்கும்.

வீடு வாங்குவார்க்கு

அரசுகளுக்கு ஒத்தது குடிமக்களுக்கும் ஒக்கும். மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழுள்ள ஒப்பந்தப்படி, வீட்டுரிமை கையளித்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை தோன்றும் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்தல் வேண்டும். அக்காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் தோன்றுதல் இல்லை. ஆதலின் அவர்தம் அறிவுரையை நாடவேண்டிய முதற்காலம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஆகும். சொந்த மனையில் குத்தகையாளரைக் கொண்டு வீடு கட்டுவோர்க்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை. அவர்க்குத் தம் ஒப்பந்தமே அரண். ஒப்பந்தம் மீறப்பட்டால், மீறப்பட்ட நாளிலிருந்து ஆறாண்டுக்குள் வழக்கிடல் வேண்டும் என்பது 1953-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டம்.

விரிசல் கண்ட அன்றே நாளும் இடமும் குறித்து எழுத்தில் அறிவித்தல் வேண்டும். விடை வாராவிடினும், வந்த விடை மழுப்பலாயினும், அடுத்த தவணைப் பணம் கொடுக்குமுன் வழக்கறிஞரைக் காண்டல் நன்று. பணம் கைவிட்டுப் போகாமுன்னரே பேச்சுக்கு வலி உண்டு.