பந்தயத்தில் இலாபம் உண்டா?



மும்பையின் மகாலட்சுமி, கொல்கத்தாவின் மைதானம், புனே, ஐதராபாத், பெங்களூர், மைசூர், டில்லி ஆகிய இடங்களில் குதிரைப் பந்தயத் திடல்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. பிழைப்பின் பொருட்டு இந்நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழர் பலருக்கு, விடுமுறை நாட்களில் 'ரேஸ்' என்னும் சொல் காதில் விழாமற் போகாது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் பந்தயப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்மூடித்தனமாக ஆடினால்தான் நட்டம், முறை தெரிந்து ஆடினால் இலாபம் உண்டு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த 'முறை' என்பது யாது, அதனால் உண்மையில் இலாபம் விளையுமா என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

சூதின் தீமையைப் பற்றி நம் முன்னோர் கூறாததை நான் புதிதாகக் கூறப்போவதில்லை. திருவள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நாமும் இங்கே இதனைப் பொருட்கணக்காகவே எடுத்துக்கொள்வோம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பந்தயத்தில் பணம் கட்டுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உரிமம் பெற்ற புக்மேக்கரிடம் கட்டுவது. மற்றொன்று, 'டோட்' என்று சுருக்கமாக வழங்கும் டோட்டலைசேட்டரில் கட்டுவது.

முதலில் புக்மேக்கரைப் பார்ப்போம். அவர் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை கூறுகிறார். ஐந்து குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் ஒரு ரூபாய்க்கு, முதற் குதிரை வென்றால் 1 ரூபாயும், இரண்டாவது வென்றால் 3 ரூபாயும், மூன்றாவது நான்காவது ஆகியவற்றுக்கு 4 ரூபாயும், ஐந்தாவதற்கு 9 ரூபாயும் தருவதாக அவர் சொல்கிறார். கட்டிய ரூபாயும் இவற்றோடு திரும்பி வரும். இப்போது எந்தக் குதிரை வென்றாலும் நம் கைக்கு 100 ரூபாய் வரவேண்டுமாயின், முறையே 50, 25, 20, 20, 10 என்று ஐந்தின்மீதும் பணம் கட்ட வேண்டும். இவற்றைக் கூட்டினால் 125 ஆகிறது. அதாவது, 100 ரூபாயை உறுதியாகப் பெறுவதற்கு 125 ரூபாய் செலவு. எஞ்சிய 25 ரூபாயே புக்மேக்கரின் வரும்படி. குதிரைகளைப் பற்றி அவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. விலைகளைக் கூட்டினால் நூறுக்கு மேல் வரும்படி பார்த்துக்கொண்டால் அவருக்குப் போதும்.

டோட்டின் முறை வேறு. 1860-களில் பாரிஸ் நகரில் ஜோசப் ஓலர் என்பவர் வகுத்த முறை இது. பார்வையாளர் அனைவரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்படுகிறது. அதில் ஒரு பங்கை நடத்துவோர் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வென்ற குதிரையின்மீது கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, தொகுப்பு 1,00,000 ரூபாய். கழிவு நூற்றுக்கு 20. மீதம் 80,000. வென்ற குதிரையின்மீது கட்டப்பட்டது 40,000 எனில், ஒவ்வொரு ரூபாய்க்கும் 2 ரூபாய் கிடைக்கும். இங்கே நமக்கு எதிராக ஆடுவது டோட் அன்று. நம் அருகில் நிற்கும் மற்ற மனிதர்களே. அவர்கள் இழப்பதிலிருந்தே நமக்கு வரவேண்டும். அதுவும் கழிவு போன பின்னரே வரவேண்டும்.

இவ்விரு வழிகளிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. எந்தக் குதிரை வெல்லும் என்று அறிவது மட்டும் போதாது. அதன் விலை அதன் உண்மையான வாய்ப்பைவிடக் குறைவாக மதிக்கப்பட்டிருக்க வேண்டும். மிகச் சிறந்த குதிரையாயினும் எல்லோரும் அதன்மீதே கட்டியிருந்தால் அது நட்டப் பந்தயம். மேற்கூறிய தொகுப்பில் நூற்றுக்கு 40 பங்கு பணம் ஒரு குதிரையின்மீது விழுந்திருக்கிறது. அதில் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற நிலையை அடையவே, அக்குதிரை நூறு முறை ஓடினால் ஐம்பது முறை வெல்லக் கூடியதாக இருக்க வேண்டும். கூட்டத்தாரின் மதிப்பீட்டைவிட நம் மதிப்பீடு சற்று மேலானதாக இருந்தால் போதாது. கழிவையும் தாண்டும் அளவுக்கு மேலானதாக இருக்க வேண்டும்.

குதிரைகளின் முந்தைய ஓட்டங்களைப் படித்தே இதனைக் கண்டுபிடிக்கலாமே எனலாம். அதற்கும் ஒரு தடை உண்டு. 'ஹாண்டிகாப்' பந்தயங்களில், வல்ல குதிரைக்கு அதிக எடையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த எடையும் சுமத்தப்படுகின்றன. எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் எல்லைக் கோட்டை அடையவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் குறிக்கோள். பழைய ஓட்டங்களை அதிகாரி ஒருவர் நமக்கு முன்னரே படித்துவிட்டு, அவற்றின் பயனை எடையால் சமன் செய்துவிடுகிறார்.

இனி, திடலில் வழங்கும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இரட்டிப்பு முறை. பத்து ரூபாய் தோற்றால் அடுத்து இருபது, பின்னர் நாற்பது, எண்பது என்று கட்டிக்கொண்டே போவது. என்றேனும் ஒரு முறை வென்றால் இழந்தது அனைத்தும் மீளும் என்பது நம்பிக்கை. பத்து முறை தொடர்ந்து தோற்றால் இழந்த தொகை 10,230 ரூபாய். பதினோராவது முறை கட்டவேண்டியது 10,240 ரூபாய். இவ்வளவும் பத்து ரூபாய் இலாபத்துக்காக! தொடர்ந்து பத்து தோல்வி வருமா என்று கேட்பீர்கள். பெரும்பான்மையோர் விரும்பும் 'ஃபேவரிட்' குதிரைகள் வெல்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பந்தயங்களில்தான். அக்கணக்கின்படி, தொடங்கும் ஆட்டங்களில் சுமார் 58-இல் ஒன்று பத்துத் தோல்வியில் போய் முடியும். வாரந்தோறும் ஆடுபவருக்கு அந்நாள் வராமற் போகாது.

இரண்டாவது, யாரும் விரும்பாத குதிரையின்மீது கட்டிப் பெருந்தொகை பெறும் ஆசை. 1949-இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்னும் அமெரிக்க உளவியலார் பந்தய விலைகளை ஆராய்ந்து, மக்கள் அரிய வாய்ப்பைப் பெரிதாகவும் உறுதியான வாய்ப்பைச் சிறிதாகவும் மதிக்கின்றனர் என்று காட்டினார். பிற்காலத்து ஆய்வுகள் பலவும் இதனை உறுதி செய்தன. ஆகவே, பெருந்தொகை காட்டும் குதிரையே பெரும்பாலும் மிகுதியான நட்டம் தருவது. ஃபேவரிட் குதிரையில் நட்டம் குறைவு. ஆனால் குறைந்த நட்டம் இலாபம் ஆகாது.

மூன்றாவது, 'டிப்ஸ்' எனப்படும் இரகசியத் தகவல். தகவல் மெய்யாயின், அதனை அறிந்தவர் தாமே கட்டியிருப்பார். விலையும் அதற்கேற்ப இறங்கியிருக்கும். இதில் ஒரு பழைய தந்திரமும் உண்டு. எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் எட்டுப் பேருக்கு எட்டு வேறு பெயர்களைச் சொன்னால், ஒருவருக்குச் சொன்னது பலித்தே தீரும். அவர் தகவல் தந்தவரைத் தெய்வமாகக் கொண்டாடுவார். மற்ற எழுவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவ்வாறாயின் பந்தயத்தில் முறையாக வென்றவரே இல்லையா? இருக்கின்றனர். 1980-களின் நடுப்பகுதியில் ஹாங்காங்கில் அமெரிக்கரான பில் பென்டரும் ஆஸ்திரேலியரான ஆலன் வுட்ஸும் கணிப்பொறியின் துணையால் குதிரைகளின் வாய்ப்பைக் கணக்கிட முற்பட்டு, பின்னர்ப் பெரும்பொருள் ஈட்டினர். தம் முறையை விளக்கி 1994-இல் பென்டர் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அவர் கூறியவற்றுள் முக்கியமானது, தம் கணக்கைத் தனியே நம்பாமல், பொதுமக்கள் கட்டிய விலையையும் அதனுடன் இணைத்துப் பார்த்தார் என்பது. அவர்களுக்கு அமைந்த வசதிகளையும் எண்ணிப் பாருங்கள்: உலகின் மிகப் பெரிய பந்தயத் தொகுப்புகளுள் ஒன்று, ஒரே குதிரைகள் மீண்டும் மீண்டும் ஓடும் திடல், ஆண்டுக்கணக்கில் திரட்டிய குறிப்புகள், பெருமுதல். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆடுபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு கட்டுவது என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜே. எல். கெல்லி 1956-இல் அதனை வெளியிட்டார். ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய் தரும் குதிரையின் உண்மையான வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று நாம் சரியாக அறிந்திருந்தால், கையிருப்பில் பதினைந்தில் ஒரு பங்கைக் கட்டலாம் என்கிறது அது. வாய்ப்பு நூற்றுக்கு 25 எனில் சூத்திரம் தரும் விடை சுழியம். அதாவது ஒன்றும் கட்டாதே என்பது. திறமையுடையோரின் முறைகூடப் பெரும்பாலான பந்தயங்களில் கையை மடக்கிக்கொண்டு நிற்கவே சொல்கிறது.

இதுவரை கூறியது எந்நாட்டுக்கும் பொருந்தும். நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. அதுவே இன்று எல்லாவற்றினும் முக்கியமானது. பந்தயத்தில் கட்டும் தொகையின் முழு மதிப்பின்மீதும் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. நூற்றுக்கு 28 ஆக இருந்த அவ்வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆக உயர்ந்தது. 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு வரியுடன் 140 ரூபாய் ஆகிறது. மேலே கண்ட அதே குதிரையை எடுத்துக்கொள்வோம்: ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய், உண்மை வாய்ப்பு நூற்றுக்கு 30. வென்றால் கைக்கு வருவது 400 ரூபாய். நூறு முறையில் முப்பது முறை வென்றால், சராசரியாக ஒரு பந்தயத்துக்கு 120 ரூபாய் கிடைக்கும். செலவோ 140 ரூபாய். கெல்லியின் சூத்திரப்படி துணிந்து கட்டத்தக்க குதிரையும் வரிக்குப் பின்னர் நட்டக் குதிரையாகிவிட்டது. எடுத்துக்காட்டில் கண்ட டோட்டில், சாதாரணமாக ஆடுபவர் 140 ரூபாய் கொடுத்துச் சராசரியாக 80 ரூபாய் திரும்பப் பெறுவார். இந்த இடைவெளியை நிரப்ப, நம் குதிரையின் வாய்ப்பு கூட்டத்தார் நினைப்பதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு இருக்க வேண்டும்.

இதனையும் கடந்து வென்றால் வருமான வரி காத்திருக்கிறது. பந்தய வருமானத்துக்கு நூற்றுக்கு 30 என்ற தனி விகிதம் உண்டு. ஒரு நாள் வென்றதிலிருந்து மற்றொரு நாள் தோற்றதைக் கழித்துக் காட்டச் சட்டம் இடந்தருவதில்லை.

சிலர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவர். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்க 1974-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதுபற்றிய வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்று கூறியது. இது மெய்யே. ஆனால் அத்தீர்ப்பு அது சூதாட்டமா அன்றா என்னும் சட்டக் கேள்விக்கு விடை. இலாபம் வருமா என்னும் கணக்குக்கு விடை அன்று.

கிரிக்கெட் முதலிய பிற ஆட்டங்களின் நிலை என்ன? அவற்றில் பத்து ரூபாய் கட்டினால் ஒன்பது ரூபாய் தருவதாக இரு கட்சிக்கும் விலை கூறினால், ஆடுபவர் நட்டப்படாதிருக்கவே நூற்றுக்கு 53 முறை வெல்ல வேண்டும். கழிவு சிறிதாகத் தோன்றினும் ஆட்டங்கள் மிகுதி. இணையவழிப் பண விளையாட்டுகளை, அவை திறமை சார்ந்தவையாயினும் தற்செயல் சார்ந்தவையாயினும், தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. எஞ்சியிருப்பவர் மறைவில் ஆட்டம் நடத்தும் புக்கிகள். 'வரி இல்லை, கடனுக்கும் ஆடலாம்' என்பதே அவர்கள் விரிக்கும் வலை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பந்தய உடன்பாடு செல்லாதது. வென்ற பணத்தை அவர் தர மறுத்தால் நாம் வழக்காட முடியாது. நாம் பட்ட கடனை அவரும் வழக்காடிப் பெற முடியாது. அதனாலேயே அவர் வேறு வழிகளை நாடுகிறார். உற்றார் உறவினர் இல்லாத அயலூரில், மொழியும் முழுதும் பழகாத நிலையில், அவ்வழிகளுக்கு ஆட்படுபவரின் துயரம் பெரிது. மாதந்தோறும் ஊரில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பெற்றோரையும் அது தாக்கும்.

இவ்வளவு கேட்ட பின்னும் தம் முறையில் நம்பிக்கையுள்ள நேயருக்கு ஒரு சோதனை கூறுகிறேன். மூன்று மாதம் ஒரு ரூபாயும் கட்டாமல், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தயமும் தொடங்குமுன் குதிரையின் பெயர், அதன் விலை, கட்ட நினைத்த தொகை, வரி ஆகியவற்றை மையினால் எழுதுங்கள். முடிவு தெரிந்தபின் எதனையும் திருத்தாதீர்கள். நூறு பந்தயங்கள் ஆனதும் வரவையும் செலவையும் கூட்டுங்கள். முறை நல்லதாயின் காகிதத்திலும் இலாபம் காட்டும். காகிதத்தில் தோற்கும் முறை பணத்தால் வெல்லாது.

குதிரைகள் ஓடும் அழகைக் காணச் செல்வதில் குற்றமில்லை. சிறு தொகையைக் கட்டுவோரும் அதனை நாடகத்துக்கு வாங்கிய சீட்டைப்போல் செலவுக் கணக்கில் எழுதிவிடுவது நேர்மை. இழந்ததை மீட்க மீண்டும் செல்லும் எண்ணம் எழுந்தால், அதனை அபாய அறிகுறி என்று கொள்ளுங்கள். அந்நிலையில் உள்ளவர்கள் அரசின் 'டெலி-மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. உடன் வேலை செய்பவர் ஒருவர் அந்நிலையில் இருப்பதாகத் தெரிந்தால், அவருக்குக் கடன் கொடுப்பதைக் காட்டிலும் இந்த எண்ணைக் கொடுப்பது மேலான உதவி.