மூக்கைத் தூக்குற கிராலர்: மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க

இந்த எபிசோட் ஆர்.சி. ராக் கிராலர் பத்தி. ரிமோட்ல ஓடுற, வேகத்துல பெருசா ஆர்வம் இல்லாத, ஆனா பாறை மேல தவழ்ந்து ஏறுற குட்டி ஃபோர் வீல் டிரைவ் வண்டி. இதைப் பத்தி அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "பாறையில பாதி ஏறினதும் மூக்கைத் தூக்கிட்டு மல்லாக்க விழுது. பவர் பத்தல போல. எந்த மோட்டார் வாங்கலாம்?"

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. மூக்கைத் தூக்குதுன்னா பவர் தேவையான அளவு இருக்குன்னு அர்த்தம். எடைதான் தப்பான இடத்துல இருக்கு. அதைச் சரி பண்ணாம பெரிய மோட்டார் போட்டா, இன்னும் வேகமா மல்லாக்க விழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கவரம் பாறையை மனசுல வெச்சுக்கலாம்

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர்ல சிங்கவரம். குன்றைக் குடைஞ்சு செஞ்ச பல்லவர் காலத்து ரங்கநாதர் குடைவரை இருக்கிற ஊர். செஞ்சி சுத்துவட்டாரம் முழுக்கவே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி உருண்டைப் பாறைகள். பஸ்ல போகும்போதே பார்த்திருப்பீங்க.

உருண்டைப் பாறையில ஒரு சிக்கல் இருக்கு. அடிப்பக்கம்தான் செங்குத்து, மேல போகப் போக சரிவு குறையும். அதாவது முதல் ஒரு சாண் ஏறுறதுதான் கஷ்டம். சரியா அந்த இடத்துலதான் வண்டியோட எடை முழுக்கப் பின்னாடி சாயும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 1/10 அளவு கிராலர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 312 மி.மீ. ஈர்ப்பு மையம் சரியா நடுவுல, தரையில இருந்து 100 மி.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. சமதளத்துல முன்னாடி 50 சதவீதம், பின்னாடி 50 சதவீதம். 35 டிகிரி சரிவுல நிறுத்தினா முன் வீல்ல வெறும் 28 சதவீதம்தான் மிஞ்சும். ஏறி வழிகாட்ட வேண்டிய வீல் காத்துல மிதக்கப் பார்க்குது. 57 டிகிரியில வண்டி கவிழ்ந்துடும்.

இப்போ மையத்தை 20 மி.மீ. கீழ இறக்கி, சமதளத்துல எடை முன்னாடி 60, பின்னாடி 40 ஆகுற மாதிரி நகர்த்துங்க. அதே 35 டிகிரியில முன் வீலுக்கு 42 சதவீதம் கிடைக்கும். கவிழுற கோணம் கிட்டத்தட்ட 67 டிகிரி. பக்கவாட்டுலயும் லாபம்: வீல்களுக்கு நடுவுல 200 மி.மீ. அகலம் இருந்தா, 45 டிகிரியில சாயுற வண்டி 51 வரைக்கும் தாங்கும். மோட்டாரைத் தொடவே இல்லை.

முதல் வேலை: எடை

மேல இருக்கிறதை முதல்ல கழட்டுங்க. ரூஃப் கேரியர், குட்டி ஜெர்ரி கேன், ஸ்பேர் வீல், எல்லாம் போட்டோவுக்கு அழகு, ஏறுறதுக்கு எதிரி. அடுத்தது பேட்டரி. நிறைய வண்டிகள்ல அது பின்னாடியோ உயரத்துலயோ உட்கார்ந்திருக்கும். வெல்க்ரோ பட்டை போட்டு முன் அச்சுக்கு மேல, முடிஞ்ச அளவு கீழே கொண்டு வாங்க. கிராலர் மெதுவா போறதால சின்ன பேட்டரியே ரொம்ப நேரம் ஓடும். பெரிய பேட்டரி வீண் சுமை.

அதுக்கப்புறம் முன் வீலுக்குள்ள எடை சேர்க்கலாம். பித்தளையில அழகா செஞ்சு விக்கிறாங்க, விலையும் அதுக்கேத்த மாதிரி. ஆனா பஞ்சர் கடையில கார் வீல் பேலன்ஸ் பண்ண ஒட்டுவாங்களே, அந்த ஸ்டிக்கர் வெயிட்டே போதும். ரிம்முக்குள்ள சுத்தி, ரெண்டு பக்கமும் சமமா ஒட்டுங்க. ஈயத்துல செஞ்சதா இருந்தா கையை நல்லா கழுவிடுங்க. இரும்புல செஞ்சது கிடைச்சா அதுவே மேல். பின் வீல்ல ஒட்டாதீங்க, மறுபடியும் பழைய கணக்குக்கே போயிடும்.

"சஸ்பென்ஷனுக்குக் கீழ எடை சேர்க்கக் கூடாதுன்னு சொல்வாங்களே?" வேகமா ஓடுற வண்டிக்கு அது சரி. நடக்குற வேகத்துல போற கிராலருக்கு அங்கதான் எடை வேணும்.

ரெண்டாவது: டயர்

விலை குறைஞ்ச வண்டிகள்ல டயர் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருக்கும். நகத்தால அழுத்திப் பாருங்க, குழி விழலைன்னா பாறையையும் அது பிடிக்காது. நீங்க காசு செலவு பண்ண வேண்டிய முதல் இடம் இதுதான்: மென்மையான ரப்பர் டயர்.

டயர் ஏற்கெனவே மென்மைதான், ஆனா உள்ள ஸ்பாஞ்ச் முறுக்கா இருக்குன்னா, அதை வெளிய எடுத்து கத்தரியால சுத்திலும் முக்கோணமா சில வெட்டு வெட்டுங்க. டயர் அமுங்கி பாறையோட வடிவத்துக்கு வளையும். உள்ள இருக்கிற காத்து வெளிய போக டயர்லயோ ரிம்லயோ சின்ன துளை இருக்கான்னும் பாருங்க. அது இல்லைன்னா டயர் பலூன் மாதிரி துள்ளும்.

செலவே இல்லாத ஒண்ணு: ஏறுறதுக்கு முன்னாடி ஈரத் துணியால டயர்ல இருக்கிற புழுதியைத் துடைச்சு, காய விடுங்க.

மூணாவது: ஷாக், ஸ்டீயரிங்

வண்டியைக் கீழ வெச்சா தன் எடையில கொஞ்சம் அமுங்கணும். அமுங்கலைன்னா ஸ்பிரிங் டென்ஷன் அதிகம். ஷாக் மேல இருக்கிற வளையத்தைத் திருகித் தளர்த்துங்க. ஒரு முன் வீலை மட்டும் தீப்பெட்டிகளை அடுக்கி உயர்த்துங்க. மத்த மூணு வீலும் தரையில எவ்வளவு நேரம் இருக்குதோ அவ்வளவு நல்லது.

ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பும்போது சர்வோ முனகிட்டே இருந்தா, எங்கேயோ முட்டுது. ரிமோட்ல எண்ட் பாயின்ட் செட்டிங் இருந்தா அதைக் குறைச்சு, முட்டுறதுக்குச் சற்று முன்னாடி நிக்கிற மாதிரி வைங்க. இல்லைன்னா சர்வோ சூடாகி கருகும்.

கடைசியாதான் மோட்டார்

இவ்வளவுக்கு அப்புறமும் மெதுவா போகும்போது வண்டி உதறுதா, மோட்டார் தொட முடியாத சூடா? அப்பவும் மோட்டாரை மாத்தாம பினியன் கியரை மாத்திப் பாருங்க. 13 பல்லுக்குப் பதிலா 11 பல் போட்டா, வேகம் 15 சதவீதம் குறையும், வீலுக்குப் போற முறுக்கு 18 சதவீதம் கூடும். ரெண்டு கியருக்கு நடுவுல ஒரு துண்டு பேப்பர் வெச்சு அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, பேப்பரை உருவிடுங்க. இடைவெளி சரியா இருக்கும். ஸ்பீடு கன்ட்ரோலர்ல டிராக் பிரேக் வசதி இருந்தா முழுசா ஏத்துங்க. கையை எடுத்ததும் வண்டி சரிவுலயே நிக்கும்.

லிப்போ பேட்டரியை வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. ஓடி முடிச்ச சூட்டோட சார்ஜ் போடாதீங்க. பல நாள் ஓட்டப் போறதில்லைன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க.

எது பலன் கொடுத்ததுன்னு எப்படித் தெரியும்?

ஒரு பலகை, போன்ல ஒரு லெவல் ஆப். பலகை மேல சொரசொரப்பான உப்புத்தாள் ஒட்டி, வண்டியை நிறுத்தி, டிராக் பிரேக்கோட ஒரு முனையை மெதுவா தூக்குங்க. கவிழுதா, சறுக்குதா, எத்தனை டிகிரியில? குறிச்சு வைங்க. சறுக்கினா டயர் பிரச்சினை, கவிழ்ந்தா எடை பிரச்சினை. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. கோட் டீபக் பண்றவங்களுக்கு இது புதுசு இல்லை.

எங்க ஓட்டக் கூடாது

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையோட இடம். 2025ல மராட்டியக் கோட்டைகளோட சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் வந்தாச்சு. சிங்கவரத்துக்குப் பக்கத்துலயே திருநாதர்குன்று இருக்கு. அங்க ஒரே பாறையில 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்காங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும் சேர்ந்தேன்னு சட்டம் சொல்லுது. சட்டத்தை விடுங்க. பித்தளை எடை கட்டின வீல், நழுவுற ஸ்க்ரூ, பாறையில் உரசுற இரும்பு ஆக்சில். ஆயிரம் வருஷத்துக்கு மேல நின்ன கல்லுல உங்க வண்டியோட கீறல் எதுக்கு?

அதே மாதிரி பாறைகள் வயலோரத்துல, தோப்புக்குள்ள நிறைய கிடக்கு. நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரிமோட்டை அவர் வீட்டுப் பசங்க கையிலயும் கொஞ்ச நேரம் கொடுங்க. அடுத்த தடவை கேக்காமலே கூப்பிடுவாங்க.

பலகை டெஸ்ட்ல உங்க வண்டி எத்தனை டிகிரி தாங்குச்சுன்னு, மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு நம்பரையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.