மரணப் படுக்கையிலும் நட்சத்திரம்!

ஆஸ்பத்திரிக் கட்டில். வெள்ளை விரிப்பு. ஒருவர் சாய்ந்து படுத்திருக்கிறார். கை ஒன்று தலைக்கு மேல் வளைந்திருக்கிறது. கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், கோடாகத் தீட்டிய புருவம். பின்னால் வெள்ளைச் செவ்வந்திப் பூக்கள். அருகே, விரிப்பின் மேல் ஒற்றை ரோஜா. பழைய ஹாலிவுட் படத்தின் ஸ்டில் என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் படுத்திருந்தவருக்கு உண்மையிலேயே புற்றுநோய்.

அவர் பெயர் கேண்டி டார்லிங். 1973-ல் நியூயார்க்கில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர் பீட்டர் ஹுஜார்.

ஸ்திரீபார்ட் அல்ல

1944-ல் பிறந்த கேண்டிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ். சிறு வயதிலேயே டெலிவிஷனில் பழைய படங்களைப் பார்த்து, நடிகை கிம் நோவாக்கைப் போல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பத்திரிகைகள் அவரைப் பெண் வேடக்காரர் என்றே எழுதின. அது சரியல்ல. வேடக்காரர் நாடகம் முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிடுவார். கேண்டி தெருவிலும் வீட்டிலும் பெண்ணாகவே வாழ்ந்தவர். இன்று நாம் திருநங்கை என்கிறோமே, அதுதான் பொருந்தும்.

ஓவியர் ஆண்டி வார்ஹோலின் படங்களில் அவர் நடித்தார். 1972-ல் டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தில் வேடம் கிடைத்தது. ஆண்களும் பெண்களும் ஒப்பனை அறையில் இடம் தர மறுத்ததால், விளக்குமாறு வைக்கும் அறையில் உடை மாற்றினாராம்! மேடையில் கைதட்டல், மேடைக்குப் பின்னால் இந்த மரியாதை.

பெரிய புகைப்படக்காரர்கள் அவரை விடவில்லை. 1969-ல் ரிச்சர்ட் அவெடன், வார்ஹோல் கோஷ்டியை வரிசையாக நிற்கவைத்துச் சுவர் அகலத்துக்கு ஒரு படம் எடுத்தார். அதில் கேண்டி ஆடையின்றி நிற்கிறார். புகழ்பெற்ற படந்தான். ஆனாலும் எனக்கென்னவோ, அதில் கேண்டியை நிரூபணத்துக்காக நிறுத்தியதுபோல் தோன்றுகிறது.

ஹுஜார் அப்படிச் செய்யவில்லை. எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் கேண்டியிடமே விட்டார். சினிமாவில் வரும் சாவுக் காட்சிகளையெல்லாம் கேண்டி அன்று நடித்துக் காட்டினார் என்று ஹுஜார் பின்னர் சொன்னதுண்டு. மேலே எரிந்தது ஆஸ்பத்திரிக் குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் யாரும் நோயாளியாகத்தான் தெரிவார்கள். கேண்டி நட்சத்திரமாகத் தெரிகிறார்.

1974 மார்ச் 21-ல் அவர் இறந்தார். வயது 29. வார்ஹோலுக்கும் நண்பர்களுக்கும் விடைபெறும் கடிதம் ஒன்று எழுதி வைத்திருந்தார்.

1976-ல் ஹுஜார் ஒரு புத்தகம் வெளியிட்டார். சூசன் சோன்டாக் முன்னுரை எழுதியும் அது அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. ஹுஜார் உயிரோடு இருந்தவரை வேறு புத்தகம் வரவில்லை. வறுமையிலேயே காலம் தள்ளி, 1987-ல் எய்ட்ஸ் நோயால் காலமானார்.

2005-ல் ‘ஆண்டனி அண்டு தி ஜான்சன்ஸ்’ குழுவினர் தங்கள் இசைத்தட்டின் அட்டையில் இந்தப் படத்தைப் போட்டார்கள். அந்த இசைத்தட்டு அதே ஆண்டு பிரிட்டனின் மெர்குரி பரிசைப் பெற்றது. கேண்டியின் பெயரைக் கேள்விப்படாத இளைஞர்கள் வீட்டிலெல்லாம் அந்தச் செவ்வந்தியும் ரோஜாவும் போய்ச் சேர்ந்தன.