தேடி வருவோருக்குச் செய்யும் விளம்பரம்: செக்கெண்ணெய் விற்போருக்குச் சில விவரங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் மணிலாக்கொட்டை பயிரிடும் விவசாயிகளிற் சிலர், விளைபொருளை மூட்டையாகவே விற்றுவிடாமல், சொந்தத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்க முற்பட்டிருக்கின்றனர். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், அவ்வூர்ப் பெயரின் சுருக்கமான டி.எம்.வி. என்னும் எழுத்துக்களைத் தாங்கிய கடலை, எள் இரகங்கள் அங்கிருந்து வெளிவந்திருப்பதும் வாசகர்கள் அறிந்தனவே. ஆகவே நல்ல சரக்குக்கு இங்கே குறைவில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருப்பதே சங்கடம். அவர்களுக்குச் செய்தி எட்டச் செய்யும் வழிகளுள் ஒன்று, கூகிள் முதலிய தேடற்பொறிகளிற் பணம் கட்டிச் செய்யும் விளம்பரமாகும்.

சுவரில் எழுதுவதும் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் வேண்டியவர், வேண்டாதவர் எல்லோர் கண்ணிலும் படுபவை. தேடல் விளம்பரமோ, ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பொருளின் பெயரை எழுதித் தேடும் அதே சமயத்தில் அவருக்கு மாத்திரம் காட்டப்படுகிறது. காட்டியதற்குக் கட்டணம் இல்லை. அவர் அதைத் தொட்டு நம் பக்கத்துக்கு வந்தால்தான் கட்டணம். இம்முறையை 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ என்னும் தேடல் நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகிள் நிறுவனம் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரால் விளம்பர வேலையைத் தொடங்கிய போது, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டதோ அதற்கே கட்டணம் வாங்கிற்று; தொடுகைக்குக் கட்டணம் என்பதை 2002-இல் ஏற்றுக்கொண்டது. 2018 முதல் அதன் பெயர் கூகிள் ஆட்ஸ்.

கட்டணம் ஏலத்தினால் தீர்மானமாகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து மறைமுக ஏலம் நம்மவர்க்குப் புதிதன்று. வியாபாரிகள் குவியலைப் பார்த்து விலையைச் சீட்டில் எழுதிப் போடுவர். அதிகம் எழுதியவருக்குச் சரக்கு போகும். தேடல் ஏலத்திலும் ஒவ்வொருவரும் ஒரு தொடுகைக்குத் தாம் தரக்கூடிய உச்ச விலையைக் குறிக்கின்றனர். ஆனால் இதில் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. அதிக விலை எழுதியவரே முதலிடம் பெறுவார் என்பதில்லை. விளம்பரமும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கமும் தேடியவருடைய கேள்விக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதும் கணக்கிடப்படும். மேலும், எழுதிய விலை முழுவதும் பெரும்பாலும் பிடிக்கப்படுவதில்லை. தமக்குக் கீழே இருப்பவரை விஞ்சி நிற்க வேண்டிய அளவே பிடிக்கப்படும். ஆகவே சிறு முதலுடையவரும், சொல்லைச் சரியாகத் தெரிந்தெடுத்தால், பெருங் கம்பெனிகளுக்கு இடையே நிற்க இடமுண்டு.

எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது. நாம் மணிலாக்கொட்டை என்கிறோம். நம் பக்கத்துப் பேச்சில் அது மல்லாட்டை. சென்னையில் இருப்பவர் அப்படித் தேடுவாரா? 'கடலை எண்ணெய்' என்பார். 'செக்கு எண்ணெய்' என்பார். பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்துக்களில் அடிப்பர். விற்பவர் வழங்கும் பெயரை விட்டு, வாங்குபவர் வழங்கும் பெயரையே விலைக்கு எடுக்க வேண்டும். அதிலும் 'எண்ணெய்' என்று மொட்டையாக எடுப்பது, நூறு ஏக்கருக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஐந்து ஏக்கரில் நடுவதை ஒக்கும். தலைக்குத் தேய்க்க எண்ணெய் தேடுபவரும், பெட்ரோலிய எண்ணெய் விலை பார்ப்பவரும் தொட்டுவிட்டுப் போவர், காசு நம்முடையது. 'மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர்' என்று தேடுபவரோ வாங்கும் எண்ணத்துடன் வந்தவர். அத்தகையோர் தொகை குறைவுதான். நமக்கு வேண்டியதும் அவர்களே.

சொற்களைப் பொருத்துவதற்கு மூன்று முறைகள் உள்ளன. அகன்ற பொருத்தம் என்பது தொடர்புள்ள எத்தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டிவிடும். புதியவர்கள் அதை விலக்கி, சொற்றொடர்ப் பொருத்தத்தையும் சரியான பொருத்தத்தையும் கையாள்வது நலம். விலக்குச் சொற்கள் என்றொரு பட்டியலும் கொடுக்கலாம். 'செக்கு இயந்திரம்', 'செய்முறை', 'வேலை', 'மொத்த விலை நிலவரம்' ஆகியவற்றை அதிற் சேர்த்துவிட்டால், செக்கு வாங்க வருபவரும் வேலை தேடுபவரும் நம் பணத்தைக் கரைக்கமாட்டார்கள். மெய்யாகவே எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்கள் வந்தார்கள் என்னும் அறிக்கை கணக்கிலேயே கிடைக்கும். அதை வாரம் ஒரு முறை பார்த்து விலக்குப் பட்டியலை வளர்ப்பது, களை எடுப்பதைப் போல, விடாமற் செய்ய வேண்டிய வேலை.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. அவரவர் தம் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தொடுகைக்கு 6 ரூபாய் வீதம் 100 தொடுகைக்கு 600 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 708 ரூபாய். வந்த நூறு பேரில் மூவர் வாங்கினால், ஒருவரைப் பெற ஆன செலவு 236 ரூபாய். ஒரு லிட்டரில் நமக்கு நிற்கும் லாபம் 50 ரூபாயானால், லிட்டர் புட்டி விற்றவருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் 186 ரூபாய் நஷ்டம். ஐந்து லிட்டர் டின் விற்றவருக்கு லாபம் 250. செலவு போக 14 ரூபாய் மீதி. அதே குடும்பம் அடுத்த மாதம் விளம்பரத்தின் வழியாக வராமல் நேரே தொலைபேசியில் கேட்குமானால், அந்த 250 முழுவதும் நம்முடையது. ஆதலால் டின்னோடு தொலைபேசி எண்ணையும் அனுப்புவது விளம்பரத்தின் பாதி வேலையாகும். இக்கணக்கைப் போட்டுப் பாராமல் பணம் கட்டுபவர், எடை போடாமல் மூட்டை வாங்குபவரே.

கணக்குத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. இடத்தைக் குறிக்கையில், அவ்விடத்தில் 'இருப்பவர்களுக்கு' மாத்திரம் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிடில் அவ்விடத்தைப் பற்றி ஆர்வம் காட்டும் வெளியூராருக்கும் விளம்பரம் போகும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டரே. சரக்கைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய அவ்வூரில் முதலிற் சோதித்துவிட்டுப் பின்னர்ச் சென்னைக்குப் போகலாம். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தாலும், சில நாட்களில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில் அது சரிக்கட்டப்படும். விளம்பரத்தைத் தொட்டவர் வந்து சேரும் பக்கத்தில் விலை, அளவு, அனுப்பும் கட்டணம், தொலைபேசி எண் ஆகிய நான்கும் முதற் பார்வையிலேயே தெரிய வேண்டும். நீரிழிவு தீரும், இருதய நோய் நீங்கும் என்று எழுதுதல் கூடாது. 1954-ஆம் வருஷத்து ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் இத்தகைய நோய்களுக்குப் பரிகாரம் கூறும் விளம்பரங்களைத் தடுக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் எண்ணெய் விற்பதும், முத்திரையிடாமற் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதும் சட்ட விரோதம்.

கூகிள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிந்துகொள்வதற்கு யாதொரு கட்டணமும் கிடையாது. விளம்பரத்துக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் மாத்திரம் விற்பவருக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். இந்த இலவசப் பதிவுக்கே ஆயிரக்கணக்கிற் பணம் கேட்டும், 'முதலிடம் நிச்சயம்' என்று வாக்களித்தும் தொலைபேசியில் அழைப்போர் உண்டு. ஏலத்தினால் தீர்மானமாகும் இடத்தை ஒருவரும் நிச்சயமாகத் தர இயலாது. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், குழுவாகச் செக்கு நடத்தும் பெண்களுக்கு இதை முன்கூட்டியே தெரிவித்து, கணக்கின் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவரிடமும் கொடுக்கலாகாது என்று எச்சரிப்பது உபகாரமாக இருக்கும். வேறொருவரைக் கொண்டு விளம்பரம் நடத்துவதானாலும், கணக்கு நம் பெயரில் இருந்து, அவருக்கு அதைக் கையாளும் உரிமை தனியே கொடுக்கப்பட வேண்டும். அவர் விலகினாலும் சேர்ந்த சொற்பட்டியலும் செலவு விவரமும் நம்மிடமே தங்கும்.