நல்லாம்பட்டி ரத்தம் சொன்ன சேதி

காட்டு வேலை செய்கிறவருக்குச் சர்க்கரை வராது என்பது கொங்குக் கிராமங்களில் ஊறிப்போன நம்பிக்கை. ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டி அதைப் பொய்யாக்கிவிட்டது. மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தலைமையில் கோவை கே.எம்.சி.எச். மருத்துவமனையின் ஆய்வு அறக்கட்டளை அங்கே 20 வயதைக் கடந்த 865 பேரைப் பரிசோதித்தது. பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. முடிவு வெளியானது 2017-இல்.

விவசாயிக்கு ஏன் இது? அதே ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கணேசன் வேல்முருகன் குழு ஒரு தடயத்தைக் காட்டியது. மதுரை வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தோடு அதிகம் புழங்கியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, புழங்காதவர்களில் 6.2 சதவீதம்தான். காரணத்தை அறிய, எலிகளுக்குக் குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கலந்து 180 நாள் கொடுத்தார்கள். குடல் நுண்ணுயிர்கள் அந்த மருந்தைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் உருவாகிறது; உடல் அதிலிருந்து குளுக்கோஸ் தயாரித்துவிடுகிறது. அந்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்தது.

பிறகு வேல்முருகன் கோவைக்கு வந்தார். நல்லாம்பட்டி மக்களின் உடலில் ஆர்சனிக்கும் பூச்சிமருந்தும் சேர்ந்திருப்பதற்கும் நீரிழிவுக்கும் தொடர்பு தெரிவதாக 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. தொடர்பு தெரிவது வேறு, காரணம் என்று உறுதியாவது வேறு. அதற்கு இன்னும் பல ஊர்கள், பல ஆண்டுகள் வேண்டும்.

கருவிகளும் வேண்டும். ரத்தத்தை வெறும் குழாயில் எடுத்து வைத்தால் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்க ஃபுளோரைடு போட்ட குழாய், ஊரிலேயே சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, பூச்சிமருந்தின் எச்சத்தை அளக்கும் நிறைமாலைமானி, எலிக்கூடம், மரபணு வரிசை படிக்கும் கருவி. இத்தனையையும் எந்த ஒரு துறையாலும் தனியே வாங்க முடியாது. அமெரிக்காவில் சிகாகோ, வாஷிங்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் நீரிழிவு ஆய்வு மையங்கள் அரசு நிதியில் பொது ஆய்வுக்கூடங்களை நடத்துகின்றன. இளம் ஆய்வாளரும் அங்கே மாதிரியைக் கொடுத்து அளந்துகொள்ளலாம்.

கோவையில் என்ன இல்லை? பூச்சிமருந்து எச்சத்தை அளக்கும் ஆய்வகம் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் ஒரே ஊரில். இவர்கள் சேர்ந்து பொது மாதிரிக் காப்பகம் ஒன்றைத் திறக்க வேண்டும். கருவிகளுக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். ரத்தம் கொடுத்த விவசாயிக்கு முடிவைத் தமிழில் எழுதித் தர வேண்டும். அரசு இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.