நான்கு நாளாக வராத பிள்ளை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு ஆசிரியர் பாடத்தைத் தொடங்குகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதிரே நாற்பது பிள்ளைகள். அம்மா படுத்த படுக்கையா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களா என்பது வீட்டு வாசலில் போய் நின்றால்தான் தெரியும். அப்படிப் போய் நிற்பதுதான் பள்ளிச் சமூகப் பணியாளரின் வேலை. மனநல ஆலோசகர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார். இவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடப்பவர். நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இப்படியொருவர் இல்லை. அந்தச் சுமையும் வகுப்பாசிரியர் தலையில்தான்.

ஆள் இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டி, இன்னொரு அரசுப் பள்ளியில் சேர்க்காமல் இழுத்தடிக்கக் கூடாது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. 'நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம்' என்று பெருமை பேசும் பெற்றோருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. பாலியல் தொல்லையைப் பற்றிப் பிள்ளை வாய் திறக்கும்போது, 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, சமூகப் பணியாளரும்தான். 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம்வரை சிறை. தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை. 'பள்ளி பெயர் கெட்டுவிடும்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்கு வராது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதும் இல்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வந்து வாக்குமூலம் பெற வேண்டும்.

குழந்தைத் திருமணமோ வேறு ஆபத்தோ என்றால் 1098-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் குழந்தைகள் நலக் குழுவிலும் முறையிடலாம்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் பள்ளிப் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால், வீடு தேடிப் போவது யார்?